கர்ப்பிணிகளின் தைராய்டு பரிசோதனை: எங்கள் நிலைப்பாடு

நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் வட்டாரத்தில் கர்ப்பிணிகளுடன் பணியாற்றும் எங்கள் அமைப்பு பரிசோதனைக் கூடங்களிடம் கேட்பது ஒன்றுதான். எத்தனையாவது வாரம் என்று கேட்டு, அந்தக் காலத்துக்கு உரிய இயல்பு அளவை ரிப்போர்ட்டில் அச்சிடுங்கள். கர்ப்பமில்லாதவர்களுக்கான அளவைக் கர்ப்பிணிக்கும் அப்படியே கொடுக்காதீர்கள்.

கருத்தரித்ததும் உடம்பு சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் தைராய்டு சுரப்பியையும் தூண்டுகிறது. எச்.சி.ஜி. அளவு உச்சத்துக்குப் போகும் பத்தாவது வாரத்தையொட்டி, தைராய்டைத் தூண்டும் வழக்கமான ஹார்மோனான டி.எஸ்.எச். தானாகவே இறங்கும். அப்போது 0.2 என்று வந்தால் பெரும்பாலும் அது நோயல்ல. ஆனால் ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் ‘0.4 முதல் 4.0 வரை’ என்றிருக்கும், 0.2-க்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘எல்’, அதாவது குறைவு, என்று விழும். வாந்தியில் துவண்டு கிடக்கும் பெண்ணுக்கு அந்த ஓர் எழுத்து போதும், அன்றைக்குத் தூக்கம் போய்விடும். தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனின் மொத்த அளவும் இப்படித்தான். பதினாறாவது வாரத்துக்குள் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும், அதுவும் இயல்பே. உண்மையிலேயே தைராய்டு மிகையாகச் சுரக்கிறதா என்பதைக் கழுத்து வீக்கம், படபடப்பு, கண்கள் எல்லாம் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

டி.எஸ்.எச். அளவின் மேல் எல்லையில் குழப்பம் இன்னும் அதிகம். அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2011-இல் முதல் மூன்று மாதத்துக்கு 2.5 என்றது. நம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதலும் அதையே எடுத்துக்கொண்டது. ஆனால் டெல்லியில் ஆரோக்கியமான கர்ப்பிணிகளிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில் முதல் மூன்று மாத மேல் எல்லை 5 வரை இருந்தது. 2017-இல் அதே அமெரிக்கச் சங்கம் தன் அளவைத் திருத்தி, அந்தந்த மக்களுக்கு உரிய அளவைப் பாருங்கள், இல்லையென்றால் ஏறத்தாழ 4 என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றது. எனவே 2.5-ஐத் தாண்டியது என்ற ஒரே காரணத்துக்காகத் தைராய்டு மாத்திரை எழுதுவதை நாங்கள் ஏற்கவில்லை. தைராய்டைத் தாக்கும் டி.பி.ஓ. எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா, முன்பு கரு கலைந்ததா என்பதையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். தென்சென்னை, செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிகள் நம் பெண்களுக்கான அளவைக் கணக்கிட்டுத் தர முன்வர வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பாதிக் கர்ப்பகாலம் வரை குழந்தை பெரும்பாலும் தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பியே வளர்கிறது. ஏற்கெனவே தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுபவர் நாள் தள்ளிப்போனதுமே மருத்துவரிடம் போக வேண்டும். பெரும்பாலோருக்கு அளவை ஏறக்குறைய கால் பங்கு கூட்ட வேண்டியிருக்கும். முப்பது வயதைக் கடந்தவர்கள், முன்பு கரு கலைந்தவர்கள், குடும்பத்தில் தைராய்டு உள்ளவர்கள், முதல் வகை சர்க்கரை நோய் உள்ளவர்கள் முதல் செக்கப்பிலேயே டி.எஸ்.எச். பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் செவிலியர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில். மற்றவை குறைந்தது நான்கு மணி நேரம் கழித்து.

கர்ப்பிணிகளே, ரத்தம் கொடுக்கும்போது எத்தனை வாரம் என்பதைச் சொல்லி ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். எண்ணைப் பார்த்து நீங்களே முடிவுக்கு வராமல், ரிப்போர்ட்டோடு மருத்துவரைப் பாருங்கள்.