கடலே கல்லறையானவர்கள்



ஆண்டுதோறும் ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறைத் திருச்சபை 'கடல் ஞாயிறு' என்று சிறப்பிக்கிறது. அன்று திருப்பலி மன்றாட்டுகளில் மீனவர்களுக்காக உருக்கமாகச் செபிக்கிறோம். சரக்குக் கப்பல்களில் வேலை செய்வோரை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்? அண்மை ஆண்டுகளின் நிகழ்வுகள் அவர்களையும் நினைக்கச் சொல்கின்றன.

2024 மார்ச் 6 அன்று ஏடன் வளைகுடாவில் 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' என்ற சரக்குக் கப்பலை ஏமனின் ஹூத்தி அமைப்பினர் ஏவுகணையால் தாக்கினர். பிலிப்பைன்ஸ் நாட்டவர் இருவரும் வியட்நாம் நாட்டவர் ஒருவரும் இறந்தனர். கப்பலில் இருந்தவர்களை நம் கடற்படைக் கப்பல் 'ஐ.என்.எஸ். கொல்கத்தா' மீட்டது. 2025 ஜூலையில் செங்கடலில் மேலும் இரண்டு சரக்குக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றில் உயிர்கள் பறிபோயின. பிடித்துச் செல்லப்பட்டவர்களின் வீட்டார் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தனர். இவர்களில் யாரும் போர்வீரர் அல்லர். பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் கப்பலேறியவர்கள்.

இது புதிய துயரம் அல்ல. 1940 செப்டம்பர் 17 இரவு, இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து கனடா நோக்கிச் சென்ற 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' என்ற கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. குண்டுவீச்சிலிருந்து காப்பாற்ற அனுப்பப்பட்ட 90 குழந்தைகளில் 77 பேர் மாண்டனர். அச்செய்தி உலகை உலுக்கியது. ஆனால் அன்று கப்பல் பணியாளர்களும் நூற்றுக்கு மேல் இறந்தார்கள். அக்கப்பலின் பணியாளர்களில் பெரும்பாலோர் இந்தியர். அவர்களுக்காக அழுதவர்கள் அவர்கள் வீட்டார் மட்டுமே.

ஓர் உயிர்காப்புப் படகு எட்டு நாள் அட்லாண்டிக் கடலில் மிதந்தது. அதில் ஆறு சிறுவர்கள், அவர்களைக் கவனிக்கச் சென்ற ஓர் ஆசிரியை, ரோரி ஓ'சல்லிவன் என்ற கத்தோலிக்கக் குரு, இவர்களோடு முப்பதுக்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகள் இருந்தார்கள். அளந்து கொடுத்த சிறிது தண்ணீரையும் உணவையும் எல்லாரும் பகிர்ந்துகொண்டார்கள். கரை சேர்ந்தபின் சிறுவர்களின் படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. மாலுமிகளின் பெயர்களைக் கேட்டவர் மிகச் சிலரே.

திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தை நினைத்துப் பார்ப்போம். புனித பவுல் ஏறிச் சென்றதும் கோதுமை ஏற்றிய ஒரு சரக்குக் கப்பல்தான். புயலில் சிக்கிய அவர்களுக்குப் பவுல் தைரியம் சொல்லி, அப்பத்தை எடுத்துக் கடவுளுக்கு நன்றி கூறி உண்டார். கப்பலில் இருந்தவர்கள் 276 பேர் என்று லூக்கா கணக்குச் சொல்கிறார். ஒருவரும் அழியவில்லை. கடவுளின் கணக்கில் மாலுமியும் கைதியும் ஓர் உயிரே.

மனிதர் கணக்கு வேறாக இருந்தது. போரின் தொடக்கத்தில் கப்பல் மூழ்கிய அன்றே மாலுமியின் சம்பளத்தை நிறுத்துவது பிரிட்டிஷ் கப்பல்களில் வழக்கம். 1941இல்தான் அது மாறியது. இந்திய மாலுமிகளின் சம்பளமோ வெள்ளையர் பெற்றதில் ஒரு சிறு பங்கு. கூலி உயர்வு கேட்டு 1939இல் வேலைநிறுத்தம் செய்தவர்களில் பலர் சிறைக்குப் போனார்கள். அப்போரில் 6,000க்கும் மேற்பட்ட இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் கடலோடு போனார்கள். அவர்களுடைய பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவேடுகளில் இருக்கின்றன. ஏட்டைத் திறந்தால்தான் பெயர் தெரியும்.

உடல் கிடைக்காத சாவு ஒரு குடும்பத்தை என்ன செய்யும்? அடக்கம் இல்லை, கல்லறை இல்லை, நவம்பர் 2ஆம் நாள் மெழுகுதிரி ஏற்ற ஓர் இடம் இல்லை. மனைவி தாலியைக் கழற்றுவதா, வாசலைப் பார்த்திருப்பதா? சாவுக்குச் சான்று இல்லாதபோது, ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதிருந்தால்தான் நம் நாட்டுச் சட்டம் ஒருவர் இறந்ததாகக் கொள்கிறது. திருச்சபைச் சட்டமும் நீண்ட காலம் காணவில்லை என்பதை மட்டும் போதுமானதாக ஏற்பதில்லை. ஆயர் விசாரித்து உறுதிபெற வேண்டும். அதுவரை அந்தப் பெண் மனைவியும் அல்ல, கைம்பெண்ணும் அல்ல.

எனவே பங்குச் சமூகமாக நாம் செய்யக்கூடியவை உண்டு. உடல் இல்லாவிட்டாலும் இறந்தவருக்காக அடக்கத் திருப்பலி நிறைவேற்றலாம் என்பதை அக்குடும்பத்துக்குச் சொல்வோம். கல்லறைத் தோட்டத்தில் கடலில் மறைந்தவர்களின் பெயர்களைப் பொறித்து ஒரு சிலுவை நடுவோம். சட்ட உதவிக்கும் துணை நிற்போம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இன்படி, பணியில் இறக்கும் மாலுமியின் குடும்பத்துக்கான இழப்பீட்டுக்குக் கப்பல் உரிமையாளர் நிதிப் பொறுப்பு ஏற்றிருக்க வேண்டும். போர் அபாயப் பகுதிக்குப் போக மறுக்கும் உரிமையும் தொழிற்சங்க ஒப்பந்தமுள்ள கப்பல்களில் உண்டு. இதெல்லாம் கப்பலேறும் நம் இளைஞர்களுக்குத் தெரியுமா? அனுப்பும் ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்று பெற்றோர் பார்க்கிறார்களா? கடன் வாங்கி ஏஜென்டுக்குக் கொடுத்துவிட்டுப் போகிற பிள்ளை, ஆபத்து என்று தெரிந்தாலும் மறுக்கத் துணிவானா?

மும்பையில் கோவா மாலுமிகள் கப்பலுக்குக் காத்திருந்த நாள்களில் தங்க, ஊருக்கு ஊர் சங்க விடுதிகள் வைத்திருந்தார்கள். அங்கே பீடம் இருந்தது. மாலையில் செபமாலை சொன்னார்கள். போனவர் யார், வராதவர் யார் என்று ஊராருக்குத் தெரிந்திருந்தது. 1920இல் கிளாஸ்கோ நகரில் தொடங்கிய 'ஸ்டெல்லா மாரிஸ்' என்னும் கடல்சார் திருத்தூதுப் பணியும் இதையே உலகத் துறைமுகங்களில் செய்துவருகிறது. நம் பங்கிலும் கப்பலுக்குப் போனவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கட்டும். ஞாயிறுதோறும் அவர்களைப் பெயர் சொல்லி நினைப்போம்.

நம் வீட்டு எண்ணெயும் உரமும் மருந்தும் அவர்கள் சுமந்து வந்தவை. கடலின் விண்மீனாகிய அன்னை மரியே, கரை காணாமல் போனவர்களை உம் மகனிடம் சேர்த்தருளும். காத்திருக்கும் குடும்பங்களுக்குத் துணையாக எங்களை அனுப்பும். ஆமென்.