பார்க்காமலே வைத்தியமா? மருந்துக் கடை டியூப்பும் உழைக்கும் பெண்களும்

இரவு ஷிப்டு முடிந்து நூற்பாலையை விட்டு வெளியே வரும் பெண், வீடு போகுமுன் மருந்துக் கடையோரம் ஒதுங்கி நிற்கிறாள். கடையில் ஆண்கள் நிற்கிறார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கிறாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அரிப்புக்கு ஒரு களிம்பு குடுங்கண்ணே" என்கிறாள். அரிப்பு எங்கே, எத்தனை மாதமாக, புண் உண்டா, சர்க்கரை வியாதி உண்டா என்று கடைக்காரர் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை. டியூப் கைமாறுகிறது. வைத்தியம் முடிந்தது!

சேற்றில் இறங்கி நாற்று நடும் பெண்ணின் கதையும் இதுதான். ஈரப் புடவையோடு பொழுது சாயும்வரை நிற்கிறாள். பெண்ணுறுப்பைச் சுற்றி எரிச்சல், அரிப்பு, வெடிப்பு. மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக் கொள்கிறாள். கடைசியில் அவளுக்கும் அதே டியூப்.

அந்த டியூப்பில் என்னதான் இருக்கிறது? கடையில் தாராளமாகப் புழங்கும் பல களிம்புகளில் மூன்று நான்கு சரக்குகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. காளானைக் கொல்ல ஒன்று, கிருமியைக் கொல்ல ஒன்று, இவற்றோடு பீட்டாமெதசோன் அல்லது குளோபெடாசால் என்ற வீரியமிக்க ஸ்டீராய்டு. என்ன நோயென்று தெரியாதா? எல்லாவற்றையும் கலந்து பூசு, ஏதாவது ஒன்று பட்டுவிடும்! இது வைத்தியமல்ல, இருட்டில் கல்லெறிவது. எறிகிற கல் விழுவதோ நம் வீட்டுப் பெண்கள் மேல்.

ஸ்டீராய்டு பூசினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். அங்கேதான் சூது இருக்கிறது. அழற்சியை அது அமுக்குகிறது. அடியில் இருப்பது படர்தாமரைக் காளான் என்றால், அதை எதிர்த்து நிற்கும் உடம்பின் காவலையும் சேர்த்து அமுக்குகிறது. காளான் சுகமாகப் பரவுகிறது. டியூப் தீர்ந்ததும் அரிப்பு இரட்டிப்பாகத் திரும்புகிறது; அவளும் கடைக்குத் திரும்புகிறாள். தொடையிடுக்கில் தோல் மெலிந்து, வரிவரியாகக் கோடு விழுகிறது. அந்தக் கோடு பிறகு மறைவதில்லை. நோயின் உருவமே மாறிப்போவதால், கடைசியில் பார்க்கிற டாக்டருக்கும் அடையாளம் தெரிவதில்லை. சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தால் அதிலும் குழப்பம். நோயைக் கண்டுபிடிக்கக் காத்திருக்கும் காலத்தில், கண்டுபிடிக்க விடாமல் செய்கிற மருந்தைப் பூசிக்கொண்டிருக்கிறோம்!

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1940-ம் வருட மருந்துச் சட்டமும் 1945-ம் வருட விதிகளும் இருக்கின்றன. ஆனால் டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில், மேலே பூசுகிற சரக்குகளுக்கு ஒரு சந்து விடப்பட்டிருந்தது. அந்தச் சந்தில் எத்தனை லாரி டியூப் ஓடியிருக்கும்! தோல் மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் கூக்குரலிட்ட பிறகு, 2018 மார்ச்சில்தான் 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகள் அந்தப் பட்டியலுக்குள் கொண்டுவரப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளுக்கு மத்திய சர்க்கார் தடை போட்டது. நல்லது. ஆனால் கெஜட்டில் ஏறிய உத்தரவு தெருக்கோடி மருந்துக் கடைவரை நடந்து வர வேண்டாமா? சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. அந்த எழுத்தின் மேலேயே கட்டைவிரலை வைத்து எடுத்து நீட்டுகிறார்கள்.

கடைக்காரரை மட்டும் திட்டிவிட்டு நாம் போகத் தயாரில்லை. சிறு கடைக்காரர் விற்கிறார். கலந்து செய்து லாபம் குவிப்பவர் வேறிடத்தில் இருக்கிறார். பார்க்க வேண்டிய டாக்டர்களில் பலர் பார்ப்பதுமில்லை. "வெள்ளைப்படுதலா? இந்தா மாத்திரை" என்று மேசைக்கு அப்பாலிருந்தே எழுதித் தள்ளுகிறார்கள். திரை இல்லை, பெண் டாக்டர் இல்லை, வாசலில் நூறு பேர். பெண்ணுக்கு வெட்கமாம்! திரைக்கு ஏற்பாடு செய்யாத ஆஸ்பத்திரிக்கு வெட்கம் கிடையாதா?

இப்போது இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாமும் அரைகுறை வைத்தியர்களாகிவிடுவோம். "ஸ்டீராய்டா? ஐயோ விஷம்!" என்று அலறுவதும் தவறு. லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று ஒரு நீடித்த வியாதி இருக்கிறது. தொற்றுநோயல்ல, நடத்தைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அதிகம் வரும். சிறு பெண் குழந்தைகளுக்கும் வருவதுண்டு. பெண்ணுறுப்பின் தோல் காகிதம்போல் வெளுத்து மெலியும், வெடிக்கும். இரவில் தூங்கவிடாத அரிப்பு. கவனிக்காமல் விட்டால் உள் இதழ்கள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், வாய் குறுகும். நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்கு அந்த இடத்தில் புற்றுநோயும் வரலாம்.

இந்த வியாதிக்கு முதல் மருந்தே வீரியமிக்க ஸ்டீராய்டுதான்! அதே குளோபெடாசால்தான், ஆனால் வேறெதுவும் கலக்காத களிம்பு. வழக்கமான முறை இது: முதல் மாதம் தினம் இரவு ஒரு தடவை, அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவது மாதம் வாரம் இரண்டு தடவை. விரல் நுனியிலிருந்து முதல் கணுவரை பிதுக்கினால் அரை கிராம். 30 கிராம் டியூப் ஒன்று ஏறத்தாழ மூன்று மாதம் வரவேண்டும். பிறகும் டாக்டர் சொல்கிறபடி விட்டுவிட்டுப் பூச வேண்டியிருக்கும். முறையாகப் பூசி வந்தால் தோல் காப்பாற்றப்படுகிறது, புற்றுநோய் அபாயமும் குறைகிறது. ஆனால் டியூப்போடு வரும் காகிதமோ, இடுக்குகளில் பூசக் கூடாது என்று பொதுவாக மிரட்டுகிறது. படித்த மகள் அதை வாசித்துக் காட்டுகிறாள். தாய் பயந்து நிறுத்திவிடுகிறாள். டாக்டர் இரண்டு நிமிஷம் உட்காரவைத்து விளக்கியிருந்தால் இந்தக் கேடு வருமா?

ஆகவே ஒரே மருந்து ஒருத்திக்கு ரட்சை, இன்னொருத்திக்குச் சேதம். வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியது, பார்த்துப் பரிசோதிக்கும் கண். அந்தக் கண்ணைத்தான் உழைக்கும் பெண்ணுக்கு மறுக்கிறார்கள்.

தோலில் ஹைட்ரோகார்ட்டிசோன் பூசிப் பலன் கண்டதாக அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டது 1952-ல். தில்லியிலும் கான்பூரிலும் இ.எஸ்.ஐ. திட்டம் துவங்கியதும் அதே 1952-ல்தான். மருந்து எழுபது ஆண்டுகளில் மூலை முடுக்கெல்லாம் போய்விட்டது. டாக்டர் போய்ச் சேர்ந்தாரா? 2019 ஜூலையிலிருந்து தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். பிடித்த காசுக்குப் பெண் டாக்டர் எங்கே, தோல் டாக்டர் எங்கே என்று கேட்பது பிச்சையல்ல. விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கு அந்தச் சீட்டுகூடக் கிடையாது. ஒருநாள் கூலியை விட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனால், "அடுத்த வாரம் வா" என்கிறார்கள். அடுத்த வாரக் கூலியை யார் கொடுப்பது? ஆலையில் கக்கூசும் கழுவத் தண்ணீரும் வேண்டுமென்று 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டமே எழுதிவைத்தது. ஆனாலும் எழுந்து போனால் முறைக்கும் மேஸ்திரிக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே வேலை செய்யும் பெண்கள் இல்லையா?

ஒவ்வொரு இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் வாரத்தில் குறிப்பிட்ட நாளில் பெண் டாக்டர், திரை போட்ட அறை, கலப்பில்லாத களிம்பு இலவசமாக, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் - இவற்றைச் சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் எழுத வேண்டும். போனஸ் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே எழுதலாம். ஆண் தோழர்களுக்குக் கூச்சமாக இருந்தால் பெண்களிடம் பேனாவைக் கொடுங்கள்.

டாக்டரிடம் போகக் காத்திருக்கும் பெண்களுக்குச் சில வார்த்தைகள். அந்த இடத்தில் சோப்பு, டெட்டால் வேண்டாம். வெறும் தண்ணீர் போதும். ஈரத் துணியைச் சீக்கிரம் மாற்றிப் பருத்தித் துணி உடுத்துங்கள். எரிச்சலுக்கு வாசனை சேர்க்காத வாசலைன் தடவலாம். சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் பாருங்கள்; சர்க்கரை ஏறினால் காளான் திரும்பத் திரும்ப வரும். ஆறாத புண், கட்டி, ரத்தக் கசிவு இருந்தால் முறைக்காகக் காத்திராதீர்கள், அன்றே போங்கள். டாக்டர் கண்ணால் பார்த்து ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். சதைப் பரிசோதனைக்கு நாள் குறித்தால், களிம்பு பூசி வருவதைச் சொல்லி, எப்போது நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். இதுவரை பூசிய டியூப் காலியாகிப் போயிருந்தாலும் எறிய வேண்டாம். அதை முந்தானையில் முடிந்து எடுத்துப்போய் டாக்டர் மேசைமேல் வையுங்கள். எத்தனை மாதம் பூசினீர்கள் என்று குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள்.