தகுதிகாண் காலமா, தண்டனைக் காலமா?

பள்ளியிற் புதிதாய்ப் பணியேற்கும் ஆசிரியர் தகுதிகாண் காலத்தைக் கடந்தே பணியுறுதி பெறுகின்றார். அதனால் அவருக்கு இழுக்கேதும் இல்லை. இருபதாண்டு கழித்து வேறொரு பள்ளிக்கு அவர் மாறிச் செல்லும்போது, ‘நீர் தகுதிகாண் காலத்தில் வைக்கப்பட்டதுண்டா?’ என்று எவரும் ஐயத்தோடு வினவுவதில்லை. இதே நிலையைக் குறிக்கும் ‘புரோபேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மருத்துவமனைகளில் மேற்பயிற்சி பெறும் இளம் மருத்துவர்மீது விழும்போது மட்டும் வாழ்நாள் முழுதும் அழியாத கறையாகிவிடுகின்றது. எத்தனை ஆண்டு கழித்து, எந்த மாநிலத்தில் உரிமம் வேண்டி நின்றாலும் அக்கறைக்கு அவர் விளக்கம் எழுதும் நிலை ஏற்படுகின்றது. இது முறைதானா? முறையன்று என்பதைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

இலத்தீனத்தில் ‘சோதித்தறிதல்’ என்று பொருள்படும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. 1841ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்னும் காலணி செய்யும் தொழிலாளி, குடித்ததற்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட ஒருவனுக்குப் பிணை நின்றார். மூன்று வாரம் கழித்து அவனைத் திருந்தியவனாய் நீதிபதிமுன் கொணர்ந்தார். சிறைக்குச் செல்லவேண்டியவன் ஒரு காசு தண்டத்தோடு மீண்டான். அன்று தொடங்கிய வழக்கமே 1878இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சட்டமாயிற்று. அதன் பின்னரே இச்சொல்லுக்குக் குற்றவாளியின் நிழல் ஒட்டிக்கொண்டது. தமிழில் ‘தகுதிகாண் காலம்’ என்றும் ‘நன்னடத்தைக் கண்காணிப்பு’ என்றும் இரண்டாகப் பிரித்து வழங்குகின்றோம். அந்த வகையில் தமிழ் மாணவர் பேறு பெற்றவரே. ஆங்கிலமோ இரண்டையும் ஒரே பானையில் இட்டுவிட்டது. உரிமக் குழுக்களும் அப்பானையைக் கிளறிப் பார்ப்பதில்லை.

அந்நாட்டு நடைமுறை இதுதான். மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் துறைக்கேற்ப மூன்று முதல் ஏழு ஆண்டுவரை மருத்துவமனையில் உறைவிடப் பயிற்சி பெறுகின்றார். உரிமம் வழங்குவது நடுவண் அரசன்று. மாநிலந்தோறும் தனித்தனிக் குழு உண்டு. அக்குழுக்களுக்குப் பொதுவாக 1912இல் அமைந்த மாநில மருத்துவக் குழுக்களின் கூட்டமைப்பு, விண்ணப்பிப்போரின் சான்றுகளைச் சரிபார்த்துத் தருகின்றது. அதற்காகப் பயிற்சி இயக்குநர் நிரப்பும் படிவத்தில் ‘வழக்கத்திற்கு மாறான சூழ்நிலைகள்’ என்றொரு பகுதி உண்டு. பயிற்சியின் இடையே விடுப்பு எடுத்தாரா, தகுதிகாண் நிலையில் வைக்கப்பட்டாரா, ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானாரா என்றெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வினாக்கள் தொடுக்கப்படுகின்றன. மகப்பேற்றுக்காக விடுப்பெடுத்த தாயும், நோயாளியின் குறிப்பைத் தாமதமாய் எழுதியவரும், மருந்து திருடியவரும் ஒரே பந்தியில் அமர்த்தப்படுகின்றனர். இப்பந்தி எத்தகைய நீதி?

இனி, இவ்வழக்கின் உயிர்நாடியாகிய முரண்பாட்டைக் காண்போம். மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் கான்சஸ் நகர மருத்துவப் பள்ளியில் 1971இல் சேர்ந்த சார்லட் ஹோரோவிட்ஸ் என்னும் மாணவி, ஏட்டுக் கல்வியில் சிறந்தவர். ஆனால் நோயாளரை அணுகும் திறத்தில் குறையுடையவர் என்று ஆசிரியர்களால் மதிப்பிடப்பட்டுத் தகுதிகாண் நிலையில் வைக்கப்பட்டார். பின்னர் ஏழு மருத்துவர்கள் அவரைத் தேர்ந்து பார்த்தனர். இருவர் பட்டம் தரலாம் என்றனர். இருவர் நீக்கிவிடலாம் என்றனர். மூவர் தகுதிகாண் நிலையைத் தொடரலாம் என்றனர். இறுதியில் அவர் நீக்கப்பட்டார். வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றது. 1978இல் அம்மன்றம், இது கல்வித் தகுதி பற்றிய ஆசிரியர் தீர்ப்பே, ஒழுங்கு நடவடிக்கையன்று, ஆதலின் முறைப்படியான விசாரணை தேவையில்லை என்று முடிவுகூறியது. அம்முடிவு பிற்காலத்தில் பயிற்சி மருத்துவர் தொடர்பான வழக்குகளிலும் எடுத்தாளப்பட்டது.

கருத்துவேறுபாடு இருப்பினும் அத்தீர்ப்பில் ஒரு நியாயம் உண்டு. ஆசிரியர் இடும் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் நீதிமன்றம் ஏறவேண்டுமாயின் எந்தப் பள்ளியும் நடவாது. ஆனால், பயிற்சி மருத்துவர் ‘என் தரப்பையும் கேளுங்கள்’ என்று வேண்டும்போது ‘இது கல்வி, தண்டனையன்று’ என்று கதவை அடைத்துவிட்டு, அவரே உரிமக் குழுவின்முன் நிற்கும்போது அதே ஏட்டைத் தண்டனையாகப் படிப்பது யாங்ஙனம் பொருந்தும்? கல்வியெனின் கல்வியாகவே இருக்கட்டும். தண்டனையெனின் தண்டனைக்குரிய விசாரணையைத் தரட்டும். ஒருவரை விசாரியாமலே குற்றவாளியாக்க இரு நிறுவனங்கள் ஒரு சொல்லைப் பந்துபோல் மாற்றி மாற்றி எறிவது அறமாகாது.

இதற்கு மேலும் ஓர் ஏற்றத்தாழ்வு உண்டு. ஒரு மருத்துவமனை தன் பயிற்சி மருத்துவரின் குறையைக் கண்டால் அவரை அழைத்துப் பேசி, மேற்பார்வையை மிகுத்து, மூன்று திங்களில் திருத்திவிட்டு, ஏட்டில் ஏதும் எழுதாது விடுகின்றது. அடுத்த தெருவிலுள்ள மருத்துவமனையோ அதே குறைக்கு, அதே மூன்று திங்களுக்குத் ‘தகுதிகாண் நிலை’ என்று முத்திரை குத்துகின்றது. முன்னவர் ‘இல்லை’ என்று எழுதித் தலைநிமிர்ந்து செல்கின்றார். பின்னவர் ‘ஆம்’ என்று எழுதிக் கைகட்டி நிற்கின்றார். 1999இல் வகுக்கப்பட்ட ஆறு திறன்களுள் ‘தொழில்நெறி’ என்பதும் ‘பிறரோடு பழகலும் உரையாடலும்’ என்பதும் அடங்கும். நல்ல நோக்கோடு வகுத்தவைதாம். எனினும் எதையும் போட்டுவைக்கத்தக்க சாக்குகளாக அவை மாறக்கூடும். அந்நாட்டு மருத்துவருள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் அயல்நாட்டில் மருத்துவம் பயின்றவர். இந்தியாவிற் பயின்றோர் அவருள் பலர். பேச்சின் ஒலிப்பு வேறாய் இருப்பது எப்போது ‘உரையாடற் குறை’ ஆகின்றது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? நுழைவுரிமை அப்பயிற்சியிடத்தோடு பிணைக்கப்பட்டிருப்பவர் அதை எதிர்த்து வாய்திறப்பதும் எளிதோ?

‘நோயாளியின் உயிரன்றோ முதன்மை?’ என்பர் மறுப்போர். மறுக்கத்தக்க வாதமன்று அது. மைக்கேல் ஸ்வாங்கோ என்பவரின் கொடுமையை அவர்கள் எடுத்துக்காட்டுவர். 1983இல் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பயிற்சியேற்ற அவர்மீது செவிலியர் ஐயங்கொண்டனர். உள்விசாரணை அவரை விடுவித்தது. அவருக்குரிய அடுத்த பயிற்சியிடம் மட்டும் மறுக்கப்பட்டது. 1984இல் ஒகாயோ உரிமமும் பெற்றுவிட்டார். மறு ஆண்டே இல்லினாய் மாநிலத்தில் உடன்பணியாளருக்கு நஞ்சிட்டதற்காகத் தண்டனை அடைந்தார். பின்னர், அது வெறும் கைகலப்பு வழக்கென்று கதை கட்டி, பொய்ச் சான்றுகள் காட்டி, 1992இலும் 1993இலும் மீண்டும் மீண்டும் பயிற்சியில் நுழைந்தார். நியூயார்க்கில் நோயாளர் மூவரைக் கொன்றதை 2000இல் ஒப்புக்கொண்டார். ஆனால் இந்நிகழ்ச்சி உணர்த்துவது என்ன? தகுதிகாண் நிலையை ஒளிவின்றிச் சொன்ன மருத்துவரால் ஒருவரும் சாகவில்லை. மருத்துவமனை வாய்மூடி இருந்ததாலும், வஞ்சகன் எழுதிய விளக்கத்தை மூலச் சான்றோடு ஒப்பிடாமல் நம்பியதாலுமே உயிர்கள் போயின. அவ்வாறிருக்க, குறிப்பைத் தாமதமாய் எழுதியவரை வாட்டுவதால் எந்த ஸ்வாங்கோ பிடிபடுவார்?

வினாவை மாற்ற இயலாது என்பதும் சாக்கே. மனநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா என்று வாழ்நாள் முழுமைக்குமாகக் கேட்டு வந்த குழுக்கள் பல. தற்போது பணிசெய்யும் ஆற்றலைக் குன்றச் செய்யும் நிலை உண்டா என்ற அளவோடு நிறுத்திக்கொள்க என்று 2018இல் கூட்டமைப்பே அறிவுறுத்திற்று. 2020 ஏப்ரலில் நியூயார்க் மருத்துவர் லோர்னா பிரீன் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். உரிமத்தை இழக்க நேருமோ என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தார் கூறினர். 2022இல் அவர் பெயராலேயே சட்டம் பிறந்தது. பல மாநிலங்கள் வினாவைத் திருத்திக்கொண்டன. அங்ஙனமாயின், ‘தகுதிகாண் நிலையில் இருந்தீரா?’ என்பதற்கு மாற்றாக, ‘நோயாளியின் நலத்துக்கு ஊறு விளைந்ததாலோ, நேர்மைக் குறைவாலோ உம் பயிற்சி கட்டுப்படுத்தப்பட்டதா?’ என்று கேட்பதில் என்ன தடை?

வினா மாறும்வரையில் விளக்கம் எழுதியே ஆகவேண்டும். ஈண்டுத்தான் மற்றொரு தீங்கு தலைகாட்டுகின்றது. ‘யாருக்குத் தெரியப்போகின்றது? இல்லையென்று எழுதிவிடு’ என்று காதில் ஓதும் நண்பர்கள் உளர். இயக்குநரின் படிவம் வேறு வழியே வந்து சேரும் என்பதை அவர்கள் அறியார். தகுதிகாண் நிலைக்காக மட்டும் உரிமம் மறுக்கப்படுதல் அரிது. விண்ணப்பத்திற் பொய் எழுதுதலோ தானே ஒரு குற்றமாகும். இன்னொரு சாரார் உண்மையை எழுதுவர். ஆயினும் அதைச் செயப்பாட்டு வினைக்குள் புதைத்துவிடுவர். ‘மருந்தளவில் பிழை நேர்ந்தது’, ‘குறிப்புகள் காலத்தே எழுதப்படவில்லை’ என்பனபோல் அவர் கடிதங்கள் அமையும். பிழை தானே நேருமோ? எழுவாய் எங்கே? இலக்கண வகுப்பில் இவ்வினாவை எழுப்பும் தமிழாசிரியருக்கு அக்கடிதத்தின் நோய் உடனே விளங்கும். மூன்றாம் சாரார் பக்கம் பக்கமாய்ப் பயிற்சி இயக்குநரைத் தூற்றுவர். தூற்றத்தக்கவராய் அவர் இருந்திருக்கலாம். குழுவின்முன் அது பயன்படாது.

எழுவாயும் காலமும் உடைய பத்து வரி போதும். இந்தத் திங்கள் முதல் இந்தத் திங்கள்வரை வைக்கப்பட்டேன். நோயாளர் குறிப்புகளை நான் காலத்தே முடிக்காமையே காரணம். இன்ன மேற்பார்வையில் இன்ன பயிற்சி பெற்றேன். இந்நாளில் அந்நிலை நீக்கப்பட்டது. அதன்பின் இக்குறை மீளவில்லை என்று எழுதி, இயக்குநரின் சான்றையும் இணைத்தல் வேண்டும்.

அச்சான்றுதான் பெருஞ்சிக்கல். 2019இல் பிலடெல்பியாவின் ஹானிமன் பல்கலைக்கழக மருத்துவமனை மூடப்பட்டபோது 500க்கும் மேற்பட்ட பயிற்சி மருத்துவர்கள் நாடெங்கும் சிதறினர். அத்தகைய இடங்களின் ஏடுகள் வேறெங்கோ காக்கப்படலாம். ஏட்டில் ‘தகுதிகாண் நிலை: ஆம்’ என்றும் இருக்கலாம். ஏன் என்று அன்றே எவரும் எழுதிவைக்கவில்லையெனின், பதினைந்தாண்டு கழித்து உரிமக் குழு கேட்கும்போது அம்மருத்துவருக்காக யார் விடையிறுப்பார்?