கப்பல் ஏறும் அரிசியும் கணக்கில் வராத கூலியும்

2022 மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டது. அதில் 9,000 டன் அரிசியும் 200 டன் பால் பவுடரும் மருந்துகளும் இருந்தன. நெருக்கடியில் தவித்த இலங்கைக்குத் தமிழ்நாடு அரசு அறிவித்த 40,000 டன் அரிசியின் முதல் தவணை அது. அதை நாம் வரவேற்றோம்.

அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழானது. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு ஒன்றிய அரசு தடை விதித்தது. உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்தியாவினுடையது என்பதால், இறக்குமதியை நம்பிய நாடுகளில் விலை ஏறியது. 2024 செப்டம்பரில்தான் தடை நீங்கியது.

ஏற்றுமதி செய்தால் உள்நாட்டு ஏழைக்குப் பட்டினி, நிறுத்தினால் அயல்நாட்டு ஏழைக்குப் பட்டினி என்றே இந்த விவாதம் நடத்தப்படுகிறது. இரு ஏழைகளையும் எதிரெதிரே நிறுத்தும் இந்தக் கணக்கை நாம் ஏற்கவில்லை. தானியம் நகர்வதால் மட்டும் பசி தீர்வதில்லை. அதைப் பெறும் வலிமை யாருக்கு இருக்கிறது என்பதே கேள்வி.

1876-78 பஞ்சத்தின்போது சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் குவிந்து கிடந்தன. இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வாங்கக் காசில்லாதவர்களோ மடிந்தார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, அப்போது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். நிலமற்ற தலித் மக்கள் பலர் பிழைப்புக்காக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். 2022-இல் கப்பலேறிய அரிசி, அவர்களுடைய வழித்தோன்றல்களான மலையகத் தொழிலாளர்களுக்கும் உரியது.

இன்றும் அடிப்படை மாறிவிடவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. சாகுபடி நிலத்தில் அவர்கள் கைவசமுள்ளது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. நாற்று நட்டு, கதிர் அறுத்து, மூட்டை சுமக்கும் தொழிலாளிக்கு விற்க நெல் இல்லை. அவர் அரிசியை வாங்கி உண்பவர். ஏற்றுமதி விலை உயர்ந்தால் நில உடைமையாளரும் வணிகரும் பயனடைவர், தொழிலாளியின் கூலி தானாக உயர்வதில்லை. அரை லிட்டர் நெல் கூடுதலாகக் கேட்டதற்காகத்தான் 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அவரைச் சந்தை விலையிலிருந்து இன்று ஓரளவு காப்பது ரேஷன் கடை அரிசியே.

உற்பத்தியின் இன்னொரு விலையை வடசென்னை கொடுக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூரில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினார்கள்.

ஏற்றுமதியை அனுமதிக்கவும் தடுக்கவும் ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருவது 1992-ஆம் ஆண்டு அயல்நாட்டு வணிகச் சட்டம். வேளாண் தொழிலாளியின் கூலியைக் கருத்தில் கொள்ளும் கடமையை அது எங்கும் விதிக்கவில்லை. எனவே நாம் மூன்றைக் கோருகிறோம். முதலாவது, ரேஷனுக்குரிய இருப்பு பற்றிய கணக்கை வெளியிட்ட பிறகே ஏற்றுமதி முடிவு எடுக்கப்பட வேண்டும். இரண்டாவது, ஏற்றுமதி நெல் கொள்முதலில் குறைந்தபட்சக் கூலி கட்டாய நிபந்தனையாக வேண்டும். மூன்றாவது, இறக்குமதி நாடுகளுடன் நீண்டகால ஒப்பந்தங்கள் செய்து, ஒரே இரவில் தடை விதிப்பது தவிர்க்கப்பட வேண்டும்.

அயல்நாட்டுப் பசியைப் போக்க நம் அரிசி போகட்டும். அதை விளைவித்தவரின் உலையில் அரிசி இருக்கிறதா என்று கேட்ட பிறகு போகட்டும்.