மிஸ்வாக்கும் ஒரு நாள் கூலியும்

சமுதாயத்திற்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லையெனில் ஒவ்வொரு தொழுகையின்போதும் மிஸ்வாக் செய்யுமாறு பணித்திருப்பார்கள் நபி (ஸல்) அவர்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான ஹதீஸின் கருத்து. நம் மக்தப் பிள்ளைகள் இதைப் பிசகாமல் ஒப்புவிக்கின்றனர். ஒப்புவிக்கும் வாயைப் பார்த்தாலோ, பலருக்குக் கடைவாய்ப்பல் கறுத்துக் குழிந்திருக்கிறது.

"விழப்போகும் பால்பல்தானே" என்று பெற்றோர் கூறுவர். ஏறத்தாழ ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் நிலையான பல். எந்தப் பல்லும் விழாமலேயே அது முளைப்பதால் அதையும் பால்பல் என எண்ணிவிடுகின்றனர். அதன் பள்ளங்களைச் சொத்தை விழுமுன் பூசி அடைக்கலாம். ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் அங்கன்வாடிகளுக்கு இருமுறையும் வரவேண்டும். பற்சொத்தையும் அதன் பட்டியலில் உண்டு, மேல்சிகிச்சை இலவசம். ஆயினும் பரிந்துரைச் சீட்டு புத்தகப் பைக்குள்ளேயே கிடந்து கசங்குகிறது. ஆமத்தூரிலிருந்து விருதுநகர் தொலைவன்று. ஆனால் பட்டாசு ஆலையில் தாய்க்கு ஒரு நாள் கூலி போகும். வலிக்காத பல்லுக்காக அக்கூலியை இழக்க அவள் துணியாததைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. வலி வந்தபின் செல்கிறாள். அப்போது பல்லைப் பிடுங்குவதே மிச்சம்.

நம் ஜமாஅத்துகள் அறுவை சிகிச்சைக்கு வாரி வழங்குகின்றன. நோய் வருமுன் ஒரு ரூபாயும் தருவதில்லை. இது மாறவேண்டும். பள்ளி விடுமுறையான சனிக்கிழமைகளில், பெற்றோரின் சம்மதத்துடன், சீட்டு வைத்திருக்கும் பிள்ளைகளை ஒரே வேனில் பொறுப்பான இருவர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லட்டும். வேன் வாடகையை பைத்துல்மாலின் ஸதகா நிதி ஏற்கட்டும். தாய் அல்லது தந்தை இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவராயின் சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் உண்டு, அட்டையில் பிள்ளையின் பெயர் சேர்க்கப்பட்டுள்ளதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நலம்.

சூரா மனனம் செய்த பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கும் வழக்கத்தை அவித்த கடலையாக மாற்றுவதற்கு மார்க்கத்தில் தடையேதும் இல்லை. இஷாவுக்குப் பின், உறங்குமுன், ஃபுளோரைடு கலந்த பற்பசையைப் பட்டாணி அளவு வைத்துத் துலக்கச் செய்யுங்கள்.

வேனில் இடமிருந்தால் பக்கத்துத் தெருவின் மாற்றுமதப் பிள்ளைகளும் ஏறிக்கொள்ளட்டும். அண்டை வீட்டாரின் உரிமை அவர்களுக்கும் உரியது.