பெட்டிக்குள் இருக்கும் தமிழ் பெட்டிமேல் ஏறாதது ஏன்?

தஞ்சாவூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடைப்பட்ட தொடர்வண்டித் தடத்தில் அமைந்துள்ளது பூதலூர். கல்லணை பிரித்துவிடும் காவிரி நீரை நம்பி நெல் விளைக்கும் ஊர். அவ்வூர் உழவர் நெல் விற்ற காசில் இன்று வாங்காத மின்கருவி இல்லை. கூடத்தில் தொலைக்காட்சி, அடுக்களையில் மின்னம்மி, பிள்ளையின் மடியில் மடிக்கணினி, ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி. வயலிலோ, வரப்புக்குச் செல்லாமலே நீரிறைக்கும் பொறியைக் கைப்பேசியால் இயக்கும் கருவி. காசு தமிழர் காசு. கருவி நுழையும் வீடு தமிழர் வீடு. கருவி பழுதுற்றால் கையைப் பிசைந்து நிற்பவரும் தமிழரே. ஆயின், அக்கருவி வந்திறங்கும் அட்டைப்பெட்டியின் ஆறு பக்கங்களையும் புரட்டிப் பார்த்தாலும் தமிழ் எழுத்து ஒன்றேனும் கண்ணில் படுவது அரிது. ஆங்கிலம் இருக்கும். சில பெட்டிகளில் இந்தியும் இருக்கும். தமிழ் இராது.

இதனைச் சிறு குறை என்று ஒதுக்குவார் உளர். 'கருவி இயங்கினால் போதாதா? பெட்டியின்மேல் எம்மொழி இருந்தால் என்ன?' என்பது அவர்தம் வினா. பெட்டியின்மேல் எழுதியிருப்பது அழகுக்கன்று. விலை என்ன, செய்தவர் யார், எத்திங்களில் செய்தது, எத்துணை மின்னழுத்தம் தாங்கும், ஈரக்கையால் தொடலாமா, மூடியைத் திறக்கலாமா என்னும் செய்திகளெல்லாம் பெட்டியிலும் உள்ளே மடித்து வைத்த தாளிலுமே உள்ளன. எவ்வெவற்றுக்கு ஆக்குநர் பொறுப்பேற்பார், எவ்வெவற்றுக்குப் பொறுப்பேலார் என்பது பொறுப்புறுதிச் சீட்டில் பொடியெழுத்தில் அடிக்கப்பட்டிருக்கிறது. அதனைப் படிக்க இயலாதவர், தாம் காசு கொடுத்து வாங்கிய உரிமை இன்னதென்றே அறியாமல் வீடு திரும்புகிறார். பின்னர்ப் பழுது நேர்ந்து கடைக்குச் சென்றால், 'சீட்டிலேயே எழுதியிருக்கிறதே, படிக்கவில்லையா?' என்னும் ஏளனமே விடையாய்க் கிடைக்கிறது. படிக்க இயலாத மொழியில் எழுதிவிட்டுப் படிக்கவில்லையே என்று பழிப்பது வாணிகமன்று, வல்லடி வழக்கு.

வானொலி கற்பித்த பாடம்

கருவி தமிழ் பேசினால் என்ன விளையும் என்பதற்குத் தஞ்சை மண்ணே சான்று. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 1960-களில் தஞ்சை மாவட்டத்தில் செறிவு வேளாண்மைத் திட்டம் நடைபெற்ற பொழுது, ஆடுதுறை ஆய்வு நிலையத்தின் வழிவந்த 'ஆடுதுறை 27' என்னும் குறுகிய கால நெல்லைப் பற்றி வானொலி உழவர்க்குத் தமிழில் எடுத்துரைத்தது. உழவர் கேட்டனர், கேட்டதை வயலில் செய்து பார்த்தனர், விளைச்சலைக் கண்டனர். அந்நெல்லுக்கு மக்கள் வாயில் 'ரேடியோ நெல்' என்றே பெயர் வழங்கலாயிற்று. பெயரில் அயற்சொல் ஒட்டிக்கொண்டது உண்மையே. ஆயினும் அந்நெல்லை வயல்வரை கொண்டு சேர்த்தது அக்கருவியினின்று வந்த தமிழே என்பதை மறத்தல் கூடாது. அதே செய்தியை அதே கருவி ஆங்கிலத்தில் முழங்கியிருப்பின், தஞ்சைக் களத்துமேட்டில் ஒரு கலம் நெல்லும் கூடுதலாய்க் குவிந்திராது. கருவி உழவனின் மொழி பேசினால் அது அவனுக்கு ஏவலாள். பேசாவிடின் அது அவனுக்கு ஆண்டை.

இன்னொன்றும் காண்க. தில்லி அரசு 1957-ஆம் ஆண்டில் வானொலி நிறுவனத்துக்கு 'ஆகாசவாணி' என்று பெயர் சூட்டியது. 2023-ஆம் ஆண்டில், ஆங்கிலப் பெயரையும் விலக்கி அவ்வொரு பெயரையே ஆளவேண்டும் என்று ஆணையும் பிறப்பித்தது. ஆயினும் வானொலி என்னும் சொல் தமிழ் வழக்கினின்று அழிந்ததா? இல்லை. கருவியோடு உடன்வந்து குடியேறிய சொல்லை எந்த ஆணையாலும் பிடுங்கியெறிய இயலாது.

மடிக்கணினி என்னும் சொல்லும் அவ்வாறு வேரூன்றியதே. 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு பள்ளி, கல்லூரி மாணவர்க்கு அக்கருவியை வழங்கத் தொடங்கிய பொழுது 'விலையில்லா மடிக்கணினி' என்றே பெயரிட்டது. ஆணையிலும் நாளிதழிலும் பள்ளி அறிவிப்பிலும் அப்பெயரே நின்றது. அச்சொல்லை மக்களுக்குக் கற்பிக்க எவரும் தெருத்தெருவாய் மேடையிட்டுப் பேசவில்லை. கருவி வந்தது, பெயரும் உடன்வந்தது, ஊர் ஏற்றுக்கொண்டது. வந்தபின் பெயர் தேடுவது, பிள்ளை பள்ளிக்குச் செல்லும் வயதில் பெயர்சூட்டு விழா நடத்துவதை ஒக்கும்.

தமிழால் இயலாதா?

'தமிழில் இவற்றையெல்லாம் எழுத முடியுமா? கருவிக்குத் தமிழ் தெரியுமா?' என்று கேட்பாரும் உளர். இவ்வினா காலங்கடந்த வினா. உலகக் கணினிகளுக்குப் பொதுவான ஒருங்குறி ஏற்பாட்டில், அதன் முதற்பதிப்பு வெளிவந்த 1991-ஆம் ஆண்டிலேயே தமிழெழுத்து இடம்பெற்றுவிட்டது. 1999-ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' என்னும் விசைப்பலகை தரப்படுத்தப்பட்டு, தமிழ்நாட்டரசின் ஏற்பும் பெற்றது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்க்குரியவை வலக்கைப் பக்கம். ஒரே எழுத்தை இருமுறை தட்டினால் முதலெழுத்துக்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டு போதும். தமிழின் உயிர்மெய் இயல்பை உணர்ந்து அமைத்த அமைப்பு அது.

அவ்வமைப்பு இருந்தும் பயன் என்ன? கடையில் விற்கும் மடிக்கணினிகளுள் பெரும்பாலானவற்றின் விசைகளில் ஆங்கில எழுத்தே பொறிக்கப்பட்டுள்ளது. ஆகவே தமிழ்ப் பிள்ளைகள் பலர் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கின்றனர். பெற்ற தாயை 'அம்மா' என்று எழுதவும் ஆங்கில எழுத்தின் வாயிலில் நின்று இசைவு பெறவேண்டிய நிலை. ஓசை தமிழாய் வந்தாலும், அவ்வோசைக்குரிய எழுத்தாகப் பிள்ளையின் விரலும் நெஞ்சும் பழகுவது ஆங்கிலத்தையே. இவ்வாறு ஒரு தலைமுறை வளர்ந்தால், அடுத்த தலைமுறை 'தமிழைத் தமிழெழுத்தில் எழுதுவானேன்?' என்று கேட்கும். அக்கேள்வி இப்பொழுதே ஆங்காங்கு கேட்கத் தொடங்கிவிட்டது.

கைப்பேசியின் நிலையோ இன்னும் வியப்புக்குரியது. இன்று விற்கும் திறன்பேசிகளின் அமைப்புப் பகுதிக்குள் சென்றால் அங்கே தமிழ் இருக்கிறது. தேர்ந்தெடுத்தால் பட்டியல்களும் அறிவிப்புகளும் தமிழில் மாறுகின்றன. எனவே, ஆக்குநர்க்குத் தமிழ் தெரியாமலில்லை, கருவிக்கும் தெரியாமலில்லை. பெட்டிக்குள் தமிழை உறங்க வைத்துவிட்டுப் பெட்டிமேல் ஆங்கிலத்தை நிறுத்தியிருக்கின்றனர். இது இயலாமையன்று, கேட்பாரில்லை என்னும் துணிவு.

கூலிக்கு வந்த தமிழ்

வாணிகர்க்குத் தமிழ் எப்பொழுது இயலும், எப்பொழுது இயலாது என்பதைத் திரைப்படத் தொழில் வெட்டவெளிச்சமாக்கிவிட்டது. 2006-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு, தமிழ்ப் பெயர் சூட்டிய திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரியினின்று விலக்களித்தது. அறிவிப்பு வந்த சூட்டோடு படமுதலாளிகள் ஒரே இரவில் தமிழ்ப் புலவராயினர். 'சம்திங் சம்திங் உனக்கும் எனக்கும்' என்றிருந்த படம் 'உனக்கும் எனக்கும்' ஆயிற்று. 'ஜில்லுன்னு ஒரு காதல்' என்பது 'சில்லுனு ஒரு காதல்' ஆயிற்று. 'எம்டன் மகன்' என்பது 'எம் மகன்' ஆயிற்று. 'ரோபோ' என்று முதலிற் பேசப்பட்ட படம் 2010-ஆம் ஆண்டில் 'எந்திரன்' என்னும் பெயரோடு வெளிவந்தது. அப்பெயரால் கூட்டம் குறைந்ததா? சிற்றூர்ச் சிறுவர் வாயிலும் எந்திரன் என்னும் சொல் குடிபுகுந்ததன்றி வேறொரு கேடும் நேரவில்லை.

பின்னர் நிகழ்ந்தது யாது? 2011-க்குப் பின் அவ்விலக்குக்கு வேறு கட்டுப்பாடுகள் சேர்ந்தன. 2017-ஆம் ஆண்டு சூலை முதல்நாள் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தது. பழைய கேளிக்கை வரி அதனுள் கரைந்தது. வரி போயிற்று, விலக்கும் போயிற்று, விலக்குக்காக வந்த தமிழும் போயிற்று. 2021-இல் 'மாஸ்டர்', 2022-இல் 'பீஸ்ட்', 2023-இல் 'ஜெயிலர்', 2025-இல் 'குட் பேட் அக்லி', 'தக் லைஃப்' எனப் பெரும்படங்களின் சுவரொட்டிகள் மீண்டும் ஆங்கிலம் பேசலாயின. 'தமிழ்ப் பெயருக்கு மக்கள் வாரார்' என்று எவரேனும் சொல்லுவராயின் அது பொய். 'பொன்னியின் செல்வன்', 'விடுதலை', 'மாமன்னன்' ஆகிய படங்கள் அதே ஆண்டுகளில் தமிழ்ப் பெயரோடு வந்தன. மக்கள் திரண்டு சென்று கண்டனர்.

இதனால் பெறப்படும் உண்மை ஒன்றே. கூலி கொடுத்து வாங்கிய தமிழ் கூலி நின்றவுடன் வேலையை விட்டுச் செல்லும். நெறியாய் நிறுத்திய தமிழே நிலைக்கும். மின்கருவி வாணிகத்துக்கும் இதுவே பொருந்தும். 'தமிழில் அச்சிட்டால் சலுகை தருகிறோம்' என்று கெஞ்சுவது வீண். தமிழரின் சந்தையில் தமிழுக்குச் சலுகை வேண்டா, இடம் வேண்டும்.

சட்டம் யார் பக்கம்?

அவ்விடத்தை மறுப்பது யார் என ஆராய்ந்தால் விரல் தில்லியை நோக்கித் திரும்புகிறது. பொதியப்பட்ட பண்டங்கள் பற்றிய நடுவணரசின் சட்டமுறை எடையளவு விதிகள் 2011-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. பெட்டியின்மேல் கட்டாயம் குறிக்கவேண்டிய செய்திகள் தேவநாகரி எழுத்திலமைந்த இந்தியிலேனும் ஆங்கிலத்திலேனும் இருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை என்று ஓர் ஒட்டும் அதிலுண்டு.

இதன் பொருளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தஞ்சையில் ஒருவர் ஒரு கருவியைச் செய்து, அதன் விலையையும் செய்த திங்களையும் தமிழில் மட்டும் அச்சிட்டுப் பூதலூர்க் கடைத்தெருவில் விற்றால் அவர் விதியை மீறியவராவார். வடக்கே ஒருவர் இந்தியில் மட்டும் அச்சிட்டு அதே கடைத்தெருவில் விற்றால் அவர் விதியைக் காத்தவராவார். தமிழ் மண்ணில், தமிழர் கடையில், தமிழர் வாங்கும் பொருளில் தமிழ் விருந்தாளி. இந்தியும் ஆங்கிலமும் வீட்டுக்காரர்! கடையின் முகப்பில் தமிழ்ப் பெயர்ப்பலகை முதன்மையாய் இருத்தல் வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி உண்டு. அப்பலகையின் கீழே நுழைந்து உள்ளே சென்றால், அடுக்கிய பெட்டிகளில் தமிழுக்கு நிற்க இடமில்லை. வாயிலில் மாலையிட்டு வரவேற்றுக் கூடத்தினின்று கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது போன்றது இது.

பிறர் செய்தது

'உலக வாணிகத்தில் இப்படியெல்லாம் கேட்க முடியுமா?' என்று அஞ்சுவோர் பிறநாடுகளைப் பார்ப்பாராக. பிரான்சு நாடு 1994-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தால், அங்கு விற்கும் பொருளின் பெயர்க்குறிப்பும் பயன்பாட்டுக் கையேடும் பொறுப்புறுதிச் சீட்டும் பிரெஞ்சு மொழியில் இருத்தல் கட்டாயமாயிற்று. கனடா நாட்டின் ஒரு மாநிலமாகிய கியூபெக்கு 1977-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மொழிப் பட்டயம் இயற்றி அவ்வாறே செய்தது. 2009-ஆம் ஆண்டு முதல், கணினி விளையாட்டுகளுக்குப் பிரெஞ்சு வடிவம் எங்கேனும் இருக்குமாயின் அவ்வடிவம் கியூபெக்குக் கடைக்கும் வந்தாகவேண்டும் என்னும் நிலையும் ஏற்பட்டது. கியூபெக்கின் மக்கள்தொகை ஒரு கோடிக்கும் குறைவு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடியே 21 இலக்கம். ஒரு கோடிக்குக் குறைந்தோர் கேட்டதற்கு அடங்கிய வாணிகம், ஏழு கோடியார் கேட்டால் அடங்காதா? அவர் கேட்டனர், கிடைத்தது. தமிழர் கேட்கவில்லை, கிடைக்கவில்லை. கரணியம் இதுவே.

'ஆங்கிலம் தெரிந்தால்தானே பிள்ளைகளுக்கு வேலை?' என்பது இறுதியாக எஞ்சும் தடை. பிள்ளை ஆங்கிலம் கற்க வேண்டா என்று எவரும் சொல்லவில்லை. ஆங்கிலம் கற்பிக்கப் பள்ளி இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார். மின்னம்மியின் பெட்டி பள்ளிக்கூடமன்று. எழுபது அகவைக் கிழவியார் ஈரக்கையோடு தொடும் கருவியில், தொடாதே என்னும் எச்சரிக்கையை ஆங்கிலத்தில் எழுதி, அவர்க்கு மொழிப்பாடம் நடத்த வேண்டா. அப்பாடத்துக்கு அவர் உயிரே கட்டணமாகிவிடும்.

செய்யத்தக்கன

முதலாவது, நடுவணரசின் விதி திருத்தப்பெறல் வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் விற்கும் பண்டத்தில் அம்மாநில மொழி கட்டாயம் இடம்பெறல் வேண்டும் என்பதே திருத்தம். தமிழ்நாட்டினின்று தில்லிக்குச் சென்றிருக்கும் உறுப்பினர் அனைவரும் கட்சி வேறுபாடின்றி இதனைக் கேட்டல் கடன்.

இரண்டாவது, தில்லியின் இசைவுக்குக் காத்திராமல் தமிழ்நாட்டரசே செய்யத்தக்கது ஒன்றுண்டு. 2006-இல் தொடங்கிய திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளையும், 2011-இல் தொடங்கிய திட்டங்களில் பல இலக்கக் கணக்கான மடிக்கணினிகளையும் மின்னம்மிகளையும் மின்விசிறிகளையும் வாங்கிக் கொடுத்த அரசு இது. அத்துணைப் பெரிய வாடிக்கையாளர் சொல்வதை மறுக்கும் ஆக்குநர் எங்குமில்லை. அரசு காசில் வாங்கும் எந்தக் கருவியாயினும் பெட்டியிலும் கையேட்டிலும் தமிழ் இருத்தல் வேண்டும். விசைப்பலகையாயின் தமிழ் 99 எழுத்துகள் பொறித்திருத்தல் வேண்டும் என்று ஒப்பந்தப் புள்ளியில் ஒரு வரி சேர்த்தால் போதும். அரசுக்கென அச்சுக்கோத்த தமிழ், கடைக்கு வரும் பெட்டிக்கும் தானே வந்து சேரும்.

மூன்றாவது, வாங்குவோர் கடன். 'தமிழ்க் கையேடு உண்டா?' என்று கடைக்காரரிடம் கேட்பதற்குச் செலவில்லை. ஒருவர் கேட்டால் கடைக்காரர் நகைப்பார். பத்துப்பேர் கேட்டால் நினைவில் வைப்பார். நூறுபேர் கேட்டால் ஆக்குநர்க்கு எழுதுவார். கையிலுள்ள திறன்பேசியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளவும், பிள்ளைக்குத் தமிழ் 99 விசைகளைக் கற்பிக்கவும் எவர் இசைவும் வேண்டா, இன்றே செய்யலாம்.

விதைநெல்லை வாங்கும் உழவர் கையிலெடுத்துப் பார்த்து, கடித்துப் பார்த்து, நூறு கேள்வி கேட்டே காசை அவிழ்ப்பார். மின்கருவி வாங்கும்பொழுது மட்டும் அவர் வாய் திறவாமல் நிற்பானேன்? தமிழர் காசு செல்லும் இடமெல்லாம் தமிழும் செல்லுதல் வேண்டும். தமிழ் செல்லாத இடத்துக்குத் தமிழர் காசும் செல்ல வேண்டா.