சேவல் இல்லாத வீட்டில் அடைக்கோழி

கிள்ளான் பள்ளத்தாக்கில் வரிசை வீடுகளில் கோழி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் சேவல் வைத்துக்கொள்வதில்லை. வைத்தால் விடியற்காலை நாலு மணிக்கே கூவும். சுவரை ஒட்டிய அடுத்த வீட்டுக்காரர் ஒரு வாரம் பொறுத்துக்கொள்வார். மறு வாரம் மாநகர் மன்றத்துக்குப் புகார் போகும். அதனால் பெட்டைகளை மட்டும் வாங்கி, வீட்டின் பின்பக்கம் கூண்டு கட்டி விட்டுவிடுகிறார்கள். முட்டையிடச் சேவல் தேவையில்லை என்பதால் கணக்கு சரிதான். 2022 ஜூன் 1 முதல் அரசு கோழி ஏற்றுமதிக்குத் தடை போட்டதும், அந்த ஆண்டின் கடைசியில் முட்டைக்கு நாம் கடை கடையாக அலைந்ததும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் கூண்டுகள் கூடிவிட்டன.

கணக்கு தெரியாதது கோழிக்குத்தான். பண்ணைக் கோழியாக இருந்தால் சிக்கல் இல்லை. அடைக்கு உட்காரும் கோழி அந்த நாட்களில் முட்டையிடாது என்பதால், தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்து அந்தக் குணத்தையே அதனிடமிருந்து கழித்துவிட்டார்கள். கம்பத்துக் கோழி அப்படியில்லை. பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் ஒருநாள் கூட்டைவிட்டு எழுந்திருக்க மறுக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கிட்டே போனால் தொண்டைக்குள் உறுமும். வயிற்றுப் பக்கத்து இறகு உதிர்ந்து, தோல் முட்டைமேல் நேராகப் படும். நாளுக்கு ஒரு தடவை இறங்கி, அவசரமாகத் தின்று, தண்ணீர் குடித்து, நாற்றமடிக்கும் பெரிய எச்சத்தைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடும். அடியில் இருப்பதெல்லாம் கருக்கூடாத முட்டை. 21 நாள் ஆனாலும் 40 நாள் ஆனாலும் பொரிக்கப்போவதில்லை. அது எலும்பும் தோலுமாக மெலிந்துகொண்டே உட்கார்ந்திருக்கும்.

அடை தெளிய வைக்க நம்மவர்களிடம் வைத்தியம் பல உண்டு. தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், மூக்கில் இறகைக் குத்துவார்கள், கவிழ்த்த கூடைக்குள் போட்டு வைப்பார்கள். எல்லாமே கோழியைப் படுத்தும் வேலை. அதைவிட நல்ல வழி, பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகளை வாங்கி அதற்குக் கொடுத்துவிடுவது. ஆனால் பட்டப்பகலில் குஞ்சை எடுத்துப்போய் அதன் முன்னால் விட்டால், பாதிப் பேருக்குக் காரியம் கெட்டுப்போகும். கோழி அதை எதிரியாக நினைத்துத் தலையில் கொத்தும். குஞ்சின் மண்டை எலும்பு அதைத் தாங்காது.

எங்கள் எதிர்வீட்டு அக்கா காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இந்த விஷயத்தில் தெருவுக்கே அவர்தான் டாக்டர். "வெளிச்சத்துல வெச்சா கொத்திப்புடும் தம்பி. எல்லாரும் படுத்தப்புறம் வா" என்றார். இரவு பத்தரைக்குப் போனேன். டார்ச்சு வெளிச்சத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். ஒரு கையைக் கோழியின் மார்புக்கு அடியில் மெதுவாக நுழைத்தார். கோழி உறுமியது, மணிக்கட்டில் ஒரு கொத்து விழுந்தது. கையை அவர் எடுக்கவில்லை. ஒரு முட்டையை உருட்டி வெளியே எடுத்தார், மற்றக் கையிலிருந்த குஞ்சை அந்த இடத்துக்கே தள்ளினார். அடுத்த முட்டை, அடுத்த குஞ்சு. நாலாவது குஞ்சு உள்ளே போனபோது இரண்டு மூன்று கீச்சொலி கேட்டது. கோழி உறுமலை நிறுத்தியது. இறக்கையைக் கொஞ்சம் தூக்கி அகட்டி, உடம்பை இடமும் வலமும் ஆட்டிப் பொருத்திக்கொண்டது. பிறகு அதன் தொண்டையிலிருந்து நான் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் வந்தது: தாழ்வாக, விட்டுவிட்டு, கொக்... கொக்... "அவ்வளவுதான். இனிமே அது புள்ளைங்க" என்று அக்கா கையைத் துடைத்துக்கொண்டார்.

இருட்டு எதற்கு? கோழிக்கு இரவில் கண் சரியாகத் தெரியாது, அதனால் எழுந்து சண்டை போடாது. அந்த நேரத்தில் குஞ்சை அது உடம்புச் சூட்டாலும் சத்தத்தாலும்தான் அறிகிறது. அதிலொன்றும் ஏமாற்று இல்லை. முட்டைக்குள் இருக்கும் குஞ்சே கடைசி இரண்டு மூன்று நாளில் கீச்சிடத் தொடங்கிவிடும், தாயும் பதில் கொடுக்கும். சொந்தக் குஞ்சோடும் கோழிக்கு முதல் உறவு காது வழியாகத்தான்.

கோழியின் உடம்பும் தயாராக இருக்க வேண்டும். அடை காக்கும் நாட்களில் புரோலாக்டின் என்ற சுரப்பு அதன் இரத்தத்தில் ஏறி நிற்கிறது. பாலூட்டும் தாய்க்குப் பால் சுரக்க வைப்பதும் அதே பெயருடைய சுரப்புதான். நேற்று உட்கார்ந்த கோழியிடம் இன்று குஞ்சைக் கொடுத்தால் கை கொடுக்காது. இரண்டு வாரமாவது விடாமல் அடை காத்த கோழிதான் நம்பகமானது.

குஞ்சின் பக்கமும் கெடு இருக்கிறது. முட்டையின் மஞ்சள் கருவில் மீந்ததைப் பொரிப்பதற்குச் சற்று முன்பு குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால், இரண்டு நாள் வரை தீனியில்லாமலும் தாங்கும். பண்ணைக்காரர்கள் அதைப் பெட்டியில் போட்டு ஊர் ஊராக அனுப்ப முடிவது இதனால்தான். குஞ்சு யாரைத் தாய் என்று பின்தொடர்வது என்பதை முடிவு செய்வதும் ஏறக்குறைய இந்த நாட்களில்தான். டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர் 1873-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனையைச் சொல்கிறார். பொரித்ததும் கண்ணை மூடி வைத்துச் சில குஞ்சுகளை வளர்த்தார். சீக்கிரமே கண் திறக்கப்பட்டவை அவர் பின்னாலேயே ஓடின; ஏறக்குறைய நாலு நாள் கழித்துத் திறக்கப்பட்டவை அவரைக் கண்டு மிரண்டு ஓடின. பின்னால் வாத்துக் குஞ்சுகளை வைத்து இதே விஷயத்தைப் பேர்பெற வைத்த கொன்ராட் லாரன்ஸ், 1973-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். விளக்குச் சூட்டில் ஒரு வாரம் வளர்ந்த குஞ்சைக் கோழியிடம் விட்டால், கோழி ஏற்றாலும் குஞ்சு ஏற்காது. இறக்கைக்குள் நுழையத் தெரியாமல் மூலையில் நின்று கத்திக்கொண்டிருக்கும்.

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் புத்தகம் படிக்காமலே தெரியும். அங்கே வாத்து முட்டையைக் கோழியிடம்தான் அடை வைப்பார்கள். 28 நாள் பொறுமையாக உட்கார்ந்து பொரிக்கும். குஞ்சுகள் வாய்க்காலைப் பார்த்ததும் இறங்கி நீந்திப் போய்விட, கோழி கரையில் நின்று இறக்கையை அடித்துக் கதறும். அலகும் பாதமும் வேறாக இருப்பதை அது ஒருநாளும் ஆட்சேபித்ததில்லை.

முதல் இரவு நன்றாகப் போனாலும் மறுநாள் காலையில் ஆள் இருந்து பார்க்க வேண்டும். கோழி தீனியைக் கொத்தித் தூக்கிப் போட்டு, கொக்கொக்கென்று கூப்பிட்டுக் காட்டினால் குஞ்சுகள் அதன் பிள்ளைகள். எதையாவது குறிவைத்து விரட்டினால் அந்தக் குஞ்சை உடனே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே சொந்தக் குஞ்சோடு சில நாள் சுற்றிய கோழி தன் கூட்டத்தை அடையாளம் கண்டுவைத்திருக்கும். நிறம் வேறாக இருக்கும் புதுவரவைக் கொத்த வாய்ப்பு அதிகம். தண்ணீரை ஆழமில்லாத தட்டில், நாலு கூழாங்கல் போட்டு வையுங்கள். முழுகிச் சாகும் குஞ்சுகள் கொஞ்சமில்லை.

அதற்கப்புறம் கோழிக்கு இருக்கும் பெரிய தலைவலி காகம். கிள்ளானில் இது ஊரறிந்த தொல்லை. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கொண்டுவந்து இங்கே விட்ட பறவை அது. காப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் வீடமைப்பு வந்தது, காகம் மட்டும் பெருகிக்கொண்டே போனது. துப்பாக்கிக்காரர்களை வைத்துச் சுட்டும் பார்த்தார்கள். பிரிக்பீல்ட்ஸிலும் விடியலில் குயில் கூவக் கேட்கிறோமே, அந்தக் குயிலின் முட்டையைத் தன்னுடையதென்று பொரிப்பதும் இதே காகம்தான். ஊரார் பிள்ளையை ஒரு பக்கம் வளர்த்துக்கொண்டு, மறுபக்கம் ஊரார் குஞ்சைத் தூக்குகிறது. ஆனால் தாய்க்கோழி பக்கத்தில் இருந்தால் அவ்வளவு லேசில் நடக்காது. வானத்தில் நிழல் தெரிந்ததும் ஒரு குரல். குஞ்சுகள் அத்தனையும் இறக்கைக்குள். 2011-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குஞ்சுகள்மேல் லேசாகக் காற்றை ஊதிப் பார்த்தார்கள். குஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கோழியின் இதயத்துடிப்பு ஏறியது.

விளக்கு வைத்தும் குஞ்சு வளர்க்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. முதல் வாரம் ஏறக்குறைய 35 டிகிரி, பிறகு வாராவாரம் மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். சாயங்கால மழையில் மின்சாரம் போனால் நாம் எழுந்து ஓட வேண்டும். எதைத் தின்னலாம், எதற்கு ஒளியலாம் என்பதை விளக்கு சொல்லித் தராது. வீட்டில் ஒரு கம்பத்துக் கோழி அடையில் இருக்கும்போது விளக்கு வாங்குவது வீண் செலவு என்பதுதான் என் கட்சி.

ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். சந்தையில் குஞ்சைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவந்து, பிறகு கோழியைத் தாயாக்கப் பார்ப்பவர்களே அதிகம். குடியிருப்புப் பகுதியில் எத்தனை கோழிக்கு அனுமதி என்று முதலில் ஊராட்சி மன்றத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு கோழியைப் பாருங்கள். இரண்டு வாரம் உட்கார்ந்திருக்கிறதா, கை வைத்தால் உறுமுகிறதா, இறங்கினால் பத்து இருபது நிமிடத்தில் திரும்பிவிடுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் குஞ்சு விற்பவரிடம் போங்கள். நேற்றோ இன்றோ பொரித்ததாகக் கேட்டு வாங்குங்கள், கோழியின் இறக்கை மூடும் அளவுக்கு எட்டோ பத்தோ போதும். ஒன்றுக்காவது இல்லை என்றால் அந்த வாரம் குஞ்சு வாங்காதீர்கள்.